எட்டாவது தேசம்

ஏறுகிறான், வேதக்கண் ஏறுகிறான், பிரசங்க பீடத்தின் படியில் லாரியின் பின்பலகையில் ஏறுவதுபோல இடது காலை முதலில் வைத்து ஏறுகிறான், அந்தக் காலை எனக்குத் தெரியும், நாற்பது வருஷமாக அந்தக் கால் ஏறிய மேடையில் எல்லாம் அடுத்து என் கால் ஏறியிருக்கிறது, இன்றைக்கு மட்டும் நான் கீழே, ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில், சங்கத்து ஆள் கோயில்பிள்ளையின் வியர்வைக்கும் சுவருக்கும் நடுவே. ஆண்கள் ஞாயிறு. வருஷத்தில் ஒரு ஞாயிறு குருவானவர் கீழே உட்கார்ந்துகொள்வார், சபையில் ஒரு ஆண்பிள்ளை பிரசங்கம் செய்வான். அது இவன்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். வந்திருப்பேன். இவனுக்குப் பயந்து நான் எங்கே ஒளிந்தேன்? ஆராதனை முடிந்ததும் இதே கோயிலுக்குள் சபைக் கூட்டம் இருக்கிறது, அதற்காக வந்தேன். சங்கத்து உப்பளத்தை மறுபடியும் சங்கத்துக்கே குத்தகைக்கு விடுவதா, கம்பெனிக்கு விடுவதா என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். நிலம் கோயிலுடையது. உப்பு எங்களுடையது. காண்டிராக்டர் சந்தனராஜின் கையிலிருந்து அந்த அளத்தைப் பிடுங்கி உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பேருக்குக் கொண்டுவந்தது நான். நாங்கள் என்று சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். நான் சங்கத்தின் தலைவர், இவன் செயலாளர், போன வாரம் இந்தச் செயலாளர் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குருவானவரின் வீட்டுக்கு நடந்துபோய், சங்கம் இனி அளத்தைக் கேட்காது என்று வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். டீக்கடையில் வைத்துக் கேட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். "ஜனங்க சொல்லச் சொன்னத சொன்னேன்வே" என்றான். "எந்த ஜனம்? நான் ஜனம் இல்லியா?" "நீரா? நீரு என்னைக்குவே ஜனமா இருந்தீரு? மைக்குக்கு அந்தப் பக்கம்லா நின்னீரு." கடையில் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் ரெண்டு பேரை நான் போலீஸ் வண்டியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்திருக்கிறேன். டீயைக் குடிக்காமல் எழுந்து நடந்தேன். "என் மனசுல என்ன இருக்குன்னு நீரு கேக்கலியே அருமநாயகம்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னான். எதற்குக் கேட்க வேண்டும்? செய்தவனின் மனசைக் கேட்டு என்ன செய்ய?

வாசிக்கிறான். இல்லை, புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொல்கிறான், ஆமோஸ் என்கிற தீர்க்கதரிசி, தெக்கோவா ஊர்க்காரன், ஆடு மேய்த்தவன், அத்திப்பழம் பொறுக்கினவன். ஆமோஸா? வேதத்தில் இவனுக்கு வேறு யாரும் கிடைக்கவில்லையா? சங்கீதம் சொல்லிவிட்டுப் போகலாமே, மேய்ப்பன், புல்வெளி, அமர்ந்த தண்ணீர், உப்பளத்துக்காரனுக்குப் புல்லைப் பற்றிக் கேட்க எப்போதும் ஆசைதான். ஆமோஸ் என்னுடையவன். கோயில் எனக்கு ஆமோஸைத் தரவில்லை. ஞாயிறு வகுப்பில் உபதேசியார் தந்தது வேறொரு தீர்க்கதரிசியை, மோவாப் தேசம் சோதோமைப்போல ஆகும், முள்ளும் உப்புப் பள்ளமுமாய் என்றைக்கும் பாழாய்க் கிடக்கும் என்று அவர் வாசித்தார், நான் எழுந்து கேட்டேன், "ஐயா, சாபம் போட்டா உப்பளமா ஆவுமோ?" "ஆமா, கர்த்தர் கோபிச்சா ஆவும்." "அப்ப எங்க அப்பாவும் அம்மையும் தெனமும் சாபத்துக்குள்ளயா வேலைக்குப் போறாவ?" காதைத் திருகிவிட்டார். அந்தக் காது இப்போதும் சூடாக இருக்கிறது, இல்லை, இது வெயில், ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில். ஒரு ராஜ்யம் அழிந்தால் கடைசியில் என்னவாகும் என்று தீர்க்கதரிசி யோசித்திருக்கிறான், அதைவிடக் கேவலம் அவனுக்குக் கிடைக்கவில்லை, எங்கள் வேலையிடத்தைக் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் வேதத்தைத் தொடவில்லை. துண்டுப்பிரசுரம் படித்தேன். சிவப்பு மசி, மட்டக் காகிதம், விரலில் ஒட்டிக்கொள்கிற எழுத்து. தோழர்களே கேளுங்கள் என்று தொடங்கும், இன்னார் செய்த அநியாயம் இது என்று சொல்லும், விளைவை அனுபவிப்பார்கள் என்று முடியும், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். படித்துப் படித்து அந்த நடை எனக்குள் ஏறிவிட்டது. அப்புறம் ஒருநாள் லாக்கப்பில் யாரோ விட்டுப்போன வேதம் கிடந்தது, பொழுது போகாமல் புரட்டினேன், திக்கென்றது, இதுவும் துண்டுப்பிரசுரம்தான். கேளுங்கள் என்று தொடங்குகிறது. இன்ன தேசம் செய்த அநியாயம் இது, மூன்று மட்டும் இல்லை நாலும் செய்தது, ஆகவே தீ. ஒரு தேசம், அடுத்த தேசம், அடுத்தது. மசி மட்டும் கறுப்பு. கட்சித் தோழர்கள் பிறகு கேலி செய்தார்கள், "அருமைநாயகம் மார்க்சிய ஊழியக்காரர்" என்று. பேசட்டும். அவர்களிடம் புஸ்தகம் இருந்தது, கூட்டம் என்னிடம்தான் இருந்தது.

"தமஸ்கு" என்கிறான். தொடங்கிவிட்டான். தூரத்திலிருந்து தொடங்குகிறான், எங்கள் வழக்கப்படியே. இந்த வழக்கம் எங்கள் ரெண்டு பேருடைய கண்டுபிடிப்பு, வேறு எந்தச் சங்கத்திலும் கிடையாது. ஆமோஸ் எட்டுத் தேசத்தைச் சொல்கிறான், தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா, அப்புறம் இஸ்ரவேல். அதை அளத்து வாசலில் நடக்கிற கூட்டத்துக்கு ஏற்றாற்போல ரெண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதல் ஏழும் வேதக்கண்ணுக்கு. தூரத்து அநியாயம், கொஞ்சம் பக்கத்து அநியாயம், இன்னும் பக்கம் என்று வளையத்தை இறுக்கிக்கொண்டே வருவான், குரலை உயர்த்த மாட்டான், ஒவ்வொன்றுக்கும் கூட்டம் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கும், ஏழாவது முடிந்ததும் மைக்கை விட்டு இடதுபக்கமாக ஒதுங்கித் துண்டால் முகத்தைத் துடைப்பான். துடைத்தால் நான். எட்டாவது என்னுடையது. எட்டாவது எப்போதும் முதலாளி. சந்தனராஜ் என்று நான் பேரைச் சொன்னதும் கூட்டம் போடுகிற சத்தத்தில் அம்பாரத்து உப்பு சரியும் என்பார்கள். ஆமோஸ் எட்டாவதாக முதலாளியைச் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஏழு பேரைத் திட்டும்போது கை தட்டிக்கொண்டு எதிரே நின்றார்களே, இஸ்ரவேல்காரர்கள், அவர்களையேதான் எட்டாவதாகச் சொன்னான். வேதக்கண் அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை நச்சரித்திருக்கிறான், "வே, ஒருநாளாச்சும் அந்த எட்ட உள்ளபடி சொல்லிப் பாப்போமே." "சொல்லும், அடுத்த நாள் கூட்டத்துக்கு நீரும் நானும் மைக்செட்காரனும் மட்டும் நிப்போம்." கை தட்டினவனையே அடித்தால் யார் வருவான்? ஆமோஸுக்கு என்ன, பேசிவிட்டுத் தெற்கே ஊருக்குப் போகலாம், எனக்கு இதே ஊர். ஆமென் என்கிறார்கள். தமஸ்குக்கு ஆமென் விழுந்துவிட்டது. உப்பைக் கையால் தொட்டே பார்க்காதவன் மேலே உட்கார்ந்து உப்புக்குச் சட்டம் போடுகிறான் என்று சொல்லியிருக்கிறான், நான் முழுதாகக் கேட்கவில்லை. கோயில்பிள்ளை முழங்கையால் இடிக்கிறான். "அண்ணாச்சி, சரக்கு பழசுதான், ஆனா ஆளு நல்லாத்தான் பேசுதாரு." "என் சரக்குடே அது" என்கிறேன். "பின்ன என்ன, வாடகைக்கு விட்டுட்டீரா?" என்று வாயைப் பொத்திச் சிரிக்கிறான். நாய்.

காசா போய்விட்டது, ஒரு ஜனத்தையே பிடித்து அந்நியனிடம் ஒப்புக்கொடுத்தவர்கள், அதற்கு அவன் நம்முடைய வாலிபர்களை லாரியில் ஏற்றிக் கண்காணாத சூளைக்குக் கொண்டுபோன ஏஜெண்டுகளைச் சொன்னான். தீரு, சகோதர உடன்படிக்கையை மறந்த வியாபாரிகள். ஏதோமுக்கு வந்திருக்கிறான். ஏதோம் அந்நியன் இல்லை, யாக்கோபுக்கு அண்ணன், ஒரே வயிறு, அண்ணனே தம்பியைப் பட்டயத்தோடு துரத்தினான், இரக்கத்தைக் கெடுத்துக்கொண்டான், கோபத்தை என்றைக்கும் வைத்துக்கொண்டான். இந்த இடத்தில் வேதக்கண் எப்போதும் கீழக்கரைக்காரர்களைச் சொல்வான், நம் வேலைநிறுத்தத்தின்போது நம் பாத்தியில் இறங்கி உப்பு வாரினவர்கள், நம் சொந்தக்காரர்கள். சொல்கிறான். அதே வரிசை. எதையும் மாற்றவில்லை. தொடையில் என் விரல் தாளம் போடுவதை நானே இப்போதுதான் பார்க்கிறேன், அவன் எங்கே நிறுத்துவான், எங்கே மூச்சு வாங்குவான் என்று விரலுக்குத் தெரியும், மானங்கெட்ட விரல், நிறுத்துகிறேன். வெட்கமாக இருக்கிறது, அது மட்டும் இல்லை, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, இவ்வளவு வயசுக்குப் பிறகும் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறான், இவனைக் கண்டுபிடித்தவன் நான். ஏதோமுக்கு என்ன, ஏதோமாவது பட்டயத்தை வெளியே காட்டினான். இவன் காட்டவில்லையே. குருவானவர் வீட்டுக்கு எந்தப் பாதையில் போயிருப்பான்? என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நான் உட்கார்ந்திருந்தால் கை காட்டியிருப்பான், "வாரேன்வே" என்றிருப்பான், நானும் தலையை ஆட்டியிருப்பேன். ஆட்டினேனா? போன வாரம் ஒருநாள் ஆட்டிய ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கா? வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இவன் வேறு எங்கே போவான்? அன்றைக்குத்தான். அந்தத் தலையாட்டல் என் கழுத்துக்குள் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அம்மோன். தங்கள் எல்லையை விரிக்கக் கீலேயாத்தின் கர்ப்பிணிகளைக் கீறினவர்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், வேதக்கண் பேரைச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் நினைப்பது அன்னக்கிளியைத்தான், நிறைமாதத்தில் தலைச்சுமை உப்போடு வரப்பில் விழுந்தாளே, சந்தனராஜின் கணக்கப்பிள்ளை அடுத்த கூடைக்கு ஆள் கூப்பிட்டானே, அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக வரப்பின்மேல் ஏறி நின்று கத்தினேன். என்னுடைய அன்னக்கிளியை எடுத்து இவன் இப்போது தன் பிரசங்கத்துக்குள் வைத்துக்கொள்கிறான். சொர்ணபாய் அங்கே மூன்றாவது பெஞ்சில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறாள், என் வீட்டுக்காரி, அவள் உச்சந்தலையில் ஒரு வட்டத்துக்கு முடி கிடையாது, கூடை இருந்த இடம். மோவாப். மோவாபைச் சொல்லும்போது எங்கள் கூட்டத்தில் அவசரமாகத் தாண்டிவிடுவான், நான்தான் தாண்டச் சொன்னேன், இன்றைக்குத் தாண்டவில்லை, நிற்கிறான். "மோவாப் செஞ்ச பாவம் என்ன தெரியுமா? ஏதோம் ராஜாவோட எலும்பச் சுண்ணாம்பா சுட்டுப்போட்டான். ஏதோம் யாரு? நமக்கு எதிரி. இப்பதான் அவனையும் சபிச்சு முடிச்சாரு ஆமோஸ். அந்த எதிரியோட செத்த எலும்புக்கும் கர்த்தர் ஞாயம் கேக்காரு." எனக்குப் புரிந்துவிட்டது, இது சந்தனராஜ். சந்தனராஜ் செத்தபோது இவன் துட்டி வீட்டுக்குப் போனான். நான் போகவில்லை, பெட்டி தெருவைத் தாண்டும்போது வேட்டு போடச் சொன்னேன், போட்டார்கள், அதற்கென்ன. அன்றைக்குச் சாயங்காலம் வந்து இவன் என் முகத்துக்கு நேரே சொன்னான், "எலும்புவே அது, எலும்பு." "அன்னக்கிளி பிள்ளைக்கும் எலும்பு இருந்திச்சு" என்றேன். பேசாமல் போய்விட்டான். பதில் இல்லாமல்தான் போனான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பதிலை வைத்துக்கொண்டு போயிருக்கிறான். இத்தனை வருஷம் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்து இன்றைக்கு, சபைக்கு முன்னால் எடுக்கிறான். அப்படியானால் இன்னும் என்ன என்ன வைத்திருக்கிறான்? சுவரோடு சாய்கிறேன், சுவர் ஈரமாக இருக்கிறது, இல்லை, என் முதுகுதான் ஈரம். வளையம் எங்கே வந்து நிற்கும்? ஏழாவது யூதா, அதைத் தாண்டினால் யார் மிச்சம்? சந்தனராஜ் செத்துவிட்டான், எட்டாவது இடம் காலி. கம்பெனியைச் சொல்வானா? சொல்ல மாட்டான், கம்பெனிக்குத்தானே அளத்தைத் தாரைவார்க்கிறான். பின்னே யாரை? என்னை. வேறு யாரை. அருமைநாயகத்தைத்தான். சங்கத்தைத் தன் சட்டைபோலப் போட்டுக்கொண்டு திரிந்தவன் என்பான், கேட்டு முடிவெடுக்காதவன் என்பான். சொல்லட்டும். எட்டாவது என்றால் கடைசி, கடைசி என்றால் பெரியது, மற்ற ஏழு பேரையும் ஒரு ஊதில் ஊதிவிட்டு எட்டாவதற்குத்தான் தீர்க்கதரிசி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினான், அந்த இடத்தில் என்னைத் தவிர இந்த ஊரில் யாரை வைப்பான்? என்ன நினைக்கிறேன் நான். சபிக்கப்படுவதற்கும் முதல் மரியாதை கேட்கிறேனா. உதட்டை நக்குகிறேன், உப்பு.

யூதா. அது நம் சபை, வேத வசனத்தை வைத்துக்கொண்டே அதைத் தள்ளினவர்கள். குருவானவரை வைத்துக்கொண்டே சொல்கிறான், அந்தக் காலத்தில் காண்டிராக்டர் கட்டிக்கொடுத்த மணிக்கூண்டுக்காக இந்தக் கோயில் வாயை மூடிக்கொண்டதைச் சொல்கிறான், குருவானவர் கண்ணாடியைத் துடைக்கிறார், ஆமென் குறைவாக விழுகிறது, விழுந்தது பெண்கள் பக்கத்திலிருந்து. குரல் நிற்கிறது. வேதக்கண் மைக்கை விட்டு ஒதுங்குகிறான், இடது பக்கமாக. தோளிலிருந்து துண்டை எடுக்கிறான். முகத்தைத் துடைக்கிறான், நெற்றி, கண், கழுத்து. மைக் காலியாக நிற்கிறது. கோயிலில் காற்று நின்றிருக்கிறது, நாற்பது வருஷம் இந்த அமைதிக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன், இதற்குள் காலை வைத்து நடந்துபோய் இதை உடைப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை, பெஞ்சு கிறீச்சிடுகிறது, என் முழங்கால் நிமிர்ந்திருக்கிறது, முன்பெஞ்சின் முதுகை என் கை பிடித்திருக்கிறது, நான் நின்றுகொண்டிருக்கிறேன். நான் எழவில்லை. கால்கள் எழுந்துவிட்டன. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. எதிரே மூன்று பெண்கள் முக்காட்டை விலக்கிப் பார்க்கிறார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேதக்கண்ணும் பார்க்கிறான், பார்த்துவிட்டான், அவனுக்கு உடனே புரிந்துவிட்டது, இந்த உலகத்தில் நான் ஏன் எழுந்தேன் என்று தெரிந்த ஒரே மனுஷன் அவன். ஒரு வார்த்தை போதும். "உக்காரும்வே" என்றால் போதும், சிரித்தால் போதும், பழைய பழக்கம் என்று சபைக்குச் சொன்னால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், நானும் சிரித்திருப்பேன், சத்தியமாகச் சிரித்திருப்பேன். சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் திரும்பி வந்தான். "எட்டாவது" என்றான். என்னைப் பார்த்தபடியேதான் சொன்னான், அல்லது நான் நின்ற இடத்தில் அவன் கண் ஏற்கனவே இருந்தது. "எட்டாவது நாம" என்றான். நாம என்றுதான் சொன்னான், என் பேரைச் சொல்லவில்லை, ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருவன் மட்டும் நின்றால் நாம என்கிற சொல் எங்கே போய் விழும்? என் தலையில் விழுந்தது. "சங்கம் நாம. ஒரு ஜோடி செருப்புக்கு ஏழைய வித்தவங்கன்னு இஸ்ரவேலச் சொன்னாரு. நாம யாரையும் விக்கல. ஆனா முதலாளி போன பெறவும் தலைக் கூடை எறங்குச்சா? அதே தலை, அதே கூடை. அளம் நம்ம கைக்கு வந்துட்டுன்னு கொடி ஏத்தினோம், சுமந்தவள ஏறி வந்து பேசச் சொன்னமா? ஒருநாளாச்சும்?" பெண்கள் பக்கத்தில் யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கேட்டது. "அண்ணாச்சி, உக்காரும், போட்டோவா புடிக்காங்க?" என்று கோயில்பிள்ளை என் வேட்டி நுனியை இழுக்கிறான். உட்கார மாட்டேன். இப்போது உட்கார்ந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகும். "இன்னொண்ணு கவனிங்க" என்கிறான் வேதக்கண், "ஏழு தேசத்துக்கும் தீ. எட்டாவதுக்குத் தீ கெடையாது. கதிர்க்கட்டு நெறஞ்ச வண்டி அழுத்துற மாதிரி அழுத்துவேன்னுதான் சொல்லுதாரு. தீன்னா எரிஞ்சு முடிஞ்சுபோவும். பாரம் அப்படி முடியாது." எத்தனை எட்டாவதில் நான் தீ வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குத் தீதான் வேண்டும், வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அந்த வசனத்தை விட்டுவிட்டுப் போவேன். இவன் விடவில்லை.

பாட்டுப் பாட எல்லோரும் எழுந்தார்கள். அவ்வளவுதான், நான் நின்றது ஒன்றுமில்லாமல் போய்விட்டது, எழுந்த கூட்டத்தில் நானும் ஒருவன், எவ்வளவு சுலபமாக என்னை மூடிவிட்டார்கள். காணிக்கைப் பை வந்தது, போனது. ஆசீர்வாதம் முடிந்ததும் எல்லோரோடும் நானும் உட்கார்ந்தேன், குருவானவர் அங்கியைக் கழற்றாமலேயே, "யாரும் போவாதீங்க, கூட்டத்த சட்டுனு முடிச்சுருவோம்" என்றார். நான் பேச வேண்டும். ரெண்டு நாளாக நான் தயார் செய்தது எல்லாம் நெஞ்சுக்குள் இருக்கிறது, தூரத்திலிருந்து தொடங்கிப் பக்கத்துக்கு வந்து கம்பெனியில் முடிகிற பேச்சு. ஆனால் அந்தப் பாதை முழுக்க அவன் நடந்துவிட்டான், எங்கே கால் வைத்தாலும் அவன் கால் தடம். "தலைவர் ஏதாச்சும் சொல்லுதீயளா?" என்று குருவானவர் கேட்கிறார். "எல்லாம் சொல்லியாச்சே" என்கிறேன். அது என் குரலா? யாரோ சிரிக்கிறார்கள். கம்பெனிக்கு விடலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்கிறார். பெண்கள் பக்கம்தான் முதலில் எழும்புகிறது, வளையல் சத்தத்தோடு, வரப்பில் கொக்குக் கூட்டம் எழும்புவதுபோல, வெடித்த உள்ளங்கை ஒவ்வொன்றும். அதில் சொர்ணபாய் கை இருக்கிறது. முழங்கை வரைக்கும் சேலை நழுவ, நேராக, என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கியிருக்கிறாள். காலையில் எனக்கு இட்லி வைத்த கை. "கம்பெனி வந்தா மெஷின் வரும்ங்காவ, கூடை எறங்கும்ங்காவ" என்று போன மாசம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் சொன்னாள், "மெஷின் வந்தா ஒன்ன எதுக்கு வெச்சுக்கிடுவான்?" என்று கேட்டேன், "வெச்சுக்கிடாம போவட்டும்" என்றாள். நான் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் பக்கமும் கைகள். கோயில்பிள்ளையின் கை என் காதை உரசிக்கொண்டு மேலே போகிறது. "மன்னிச்சுக்கிடும் அண்ணாச்சி, ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு." சரி. "எதிர்க்கிறவங்க?" என்கிறார் குருவானவர். நான் தூக்குகிறேன். வலது கை, முஷ்டி மடக்கி, எப்போதும் தூக்குகிற மாதிரி. கோயிலுக்குள் அது ஒன்றுதான் நிற்கும், நிற்கட்டும், ஒரு கை நின்றதாக இந்த ஊர் பேசட்டும், இவர்கள் விற்ற அன்றைக்கு ஒருவன் விற்கவில்லை என்று. குருவானவர் என்னைப் பார்க்கிறார், அப்புறம் எனக்கு முன்னால் எங்கேயோ பார்க்கிறார், அந்தப் பார்வையின் பின்னாலேயே நானும் பார்க்கிறேன். முன்பெஞ்சில் ஒரு கை. வெள்ளைச் சட்டைக் கை. வேதக்கண்.

என்ன இது. எதற்கு இது. சங்கத்துக்கு வேண்டாம் என்று போய்ச் சொன்னவன் இவன், ஏழையும் எட்டையும் ஒரே மூச்சில் சொல்லி இத்தனை கையையும் தூக்க வைத்தவன் இவன், இப்போது எதற்கு என் பக்கம் கை தூக்குகிறான். என் மனசில் என்ன இருக்கிறது என்று நீர் கேட்கவில்லையே என்றான். இதுதானா அந்த மனசு? ஜனம் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டுத் தனக்கென்று இதை வைத்துக்கொண்டிருந்தானா? இருக்காது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா? இருக்காது, இருக்காது, பிச்சை இது. நான் தனியாக நிற்கக்கூடாது என்று போடுகிற பிச்சை. அடித்துவிட்டுத் துணைக்கு வந்து நிற்கிறான். நாளைக்கு டீக்கடையில் சொல்வார்கள், பாவம், வேதக்கண்ணாவது கூட நின்னாரு. பாவம் என்பார்கள். என்னைப் பாவம் என்பார்கள். திரும்பிப் பார்க்கிறான், பெஞ்சுகளுக்கு மேலாக என்னைத் தேடுகிறான், முகத்தில் சிரிப்பு இல்லை, ஜெயித்த களையும் இல்லை, கூட்டத்தில் ஒருவனைத் தொலைத்தவன் தேடுவதுபோலத் தேடுகிறான். தேடட்டும். என் முஷ்டி அவிழ்கிறது. கை இறங்குகிறது, நானேதான் இறக்குகிறேன், இந்தத் தடவை காலோ கையோ தானாகச் செய்யவில்லை, நான் செய்கிறேன். மடியில் வைத்துக்கொள்கிறேன். அவன் பார்த்துவிட்டான். அவன் கை அப்படியே நிற்கிறது. கோயிலில் இப்போது அது ஒன்றுதான் நிற்கிறது. குருவானவர் கண்ணாடிக்கு மேலாக ஒருதடவை எல்லோரையும் பார்க்கிறார், சபைச் செயலர் பேனாவைத் திறக்கிறார். "எதிர்ப்பு ஒருத்தர். வேதக்கண்" என்கிறார் குருவானவர். அப்புறம் என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "அவரு ஒருத்தர் மட்டுந்தானா?" என்று கேட்கிறார். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் திறக்கவில்லை.